வாய்மொழி வலி ஒப்புதல்

எங்கள் ஊரில் வலிக்கிறது என்று சொல்வது மரியாதைக் குறைவு. அதற்கென்று சட்டம் ஒன்றும் கிடையாது. யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். மினசோட்டாவின் வடக்கு மூலையில், வருடத்தில் பாதி நாள் ஏரி உறைந்து கிடக்கிற லூன் ஹார்பரில் நான் பிறந்து வளர்ந்தேன். என் அப்பா ஒருமுறை மர ரம்பத்தில் விரலைப் பாதி அறுத்துக்கொண்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குத் தானே வண்டி ஓட்டிப் போனார். அங்கே தரையில் ரத்தம் சொட்டியதற்காக நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டார். எப்படி இருக்கிறது என்று டாக்டர் விசாரித்தபோது, "பரவாயில்லைங்க, இதைவிட மோசமா ஆகியிருக்கலாம்" என்றார். ஊரில் இதை யாரும் ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் நான் விளையாட்டு மசாஜ் படிக்கப் போனேன்.

அதுவரை பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிப்ரவரி மாதம் எங்கள் ஊரில் நடக்கும் பனிச்சறுக்கு ஓட்டத்துக்கு நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஓடி முடித்ததும் கால் பிடித்துக்கொண்டு, கூடாரத்தில் சூடான புளூபெர்ரி சூப்பை வாங்கி வைத்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்குக் காலைப் பிடித்துவிட ஒரு ஆள் வேண்டும் என்று சறுக்குக் கழகம் முடிவு செய்து, தன் கட்டடத்தில் ஓர் அறைக்கு வெள்ளையடித்தது. "லைசென்ஸ் வாங்கிட்டு வாங்க வெர்னா, அறை உங்களுக்குத்தான்" என்று தலைவர் என்னிடம் சொன்னார். அதை நம்பி பஸ்ஸை விட்டேன். மறுநாளே அதை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். ஆகவே லைசென்ஸ் கிடைக்காவிட்டால் எனக்கு அறையும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. இதில் கவலை இல்லையா என்று வீட்டுக்காரர் கேட்டபோது பரவாயில்லை என்றேன்.

பாடம் எடுத்தவர் மார்லிஸ் ஹௌகன். கல்லூரி ஹாக்கி ஆட்டக்காரர்களின் தொடைகளோடு வாழ்நாளைக் கழித்தவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. எலும்புகள், தசைகள், ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஓட்டத்துக்கு முன்னால் எப்படித் தட்ட வேண்டும், ஓட்டத்துக்குப் பின்னால் எப்படி நீவ வேண்டும் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். ஒன்றை மட்டும் வகுப்பு தவறாமல் திரும்பச் சொன்னார். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, இன்னொன்றைவிடச் சூடாக இருந்தால் அதைத் தொடாதே. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும், ஆள் போய்விடுவார். "மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க" என்பார். நவம்பரில் நடந்த எழுத்துத் தேர்வில் இந்தக் கேள்வி வந்தது. எல்லோரும் சரியாக எழுதினோம்.

எங்களோடு படித்த ட்ரெவருக்கு இந்தப் பழைய சங்கதிகளில் ஆர்வம் இல்லை. சறுக்குக் கட்டைகள் விற்கிற கடை வைத்திருந்தான். புதிதாக எது வந்தாலும் முதலில் அவன் கடைக்குத்தான் வரும். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தான். பொத்தானை அழுத்தினால் சுவரில் ஆணி அடிக்கிற சத்தத்தோடு தொடையைக் குத்தும். கலர் கலராக ஒட்டுநாடா வைத்திருந்தான். நீல நாடா வீக்கத்துக்கு, ஊதா நாடா ரத்த ஓட்டத்துக்கு, ஆரஞ்சு நாடா தன்னம்பிக்கைக்கு. இப்போது உலகமே ஐஸ் தொட்டியில் உட்காருகிறது என்று எங்கோ படித்துவிட்டு ஒரு தொட்டி வாங்கினான். வாசலில் ஏரியே உறைந்து கிடந்தது. தொட்டித் தண்ணீர் முழுக்க உறைந்துவிடாமல் இருக்க வீட்டுக்குள் ஹீட்டர் போட்ட ஓர் அறை கட்டினான். அதற்குள் ஐஸ் உருகியதால் ஐஸ் செய்ய ஒரு மெஷினும் வாங்கினான்.

செய்முறைப் பயிற்சி என்பது இப்படி. ஒருவர் மேசையில் குப்புறப் படுக்க வேண்டும். தொடுகிற இடம் தவிர மற்றதைப் போர்வையால் மூட வேண்டும். அழுத்திக்கொண்டே, ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்க வேண்டும். எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் ஐந்து என்றார்கள். ஒருநாள் ட்ரெவர் தன் முழங்கையை என் இடுப்புக்குக் கீழே ஊன்றி முழு உடம்பையும் அதன் மேல் போட்டான். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. "அஞ்சு" என்றேன். இன்னும் கொஞ்சம் அழுத்தட்டுமா என்று கேட்டான். உன் இஷ்டம் என்றேன்.

லைசென்ஸ் கொடுக்கிற மாநிலத் தசைநல வாரியத்துக்கு இந்த ஐந்துகள் போய்ச் சேர்ந்தன. மற்ற ஊர்களிலிருந்து இரண்டு, ஏழு, ஒன்பது என்று பலவிதமாக வருகையில் லூன் ஹார்பரிலிருந்து மட்டும் ஐந்தாகவே வருவதை வாரியம் ஆழ்ந்த கவலையுடன் கவனித்தது. உரிய ஆலோசனைக்குப் பின், பொதுமக்களின் மேலான நலன் கருதி, 'வாய்மொழி வலி ஒப்புதல்' என்ற புதிய நடைமுறையை எங்கள் ஊரில் முன்னோட்டமாக அமல்படுத்தியது. இதன்படி, தேர்வில் படுத்திருப்பவர் எவ்விதத் தூண்டுதலும் இன்றித் தன் சொந்த வாயால் 'வலிக்கிறது' என்று சொல்ல வேண்டும். அழுத்துகிற தேர்வர் உடனே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அதன் மூலம் அவருடைய செவிமடுக்கும் திறன் நிரூபணமாகும். படுத்திருப்பவர் சொல்லாவிட்டால் திறன் நிரூபணம் ஆகவில்லை. ஆகவே தோல்வி.

இதை விளக்குவதற்காகத் தலைநகரிலிருந்து வெண்டல் ஸ்ட்ராண்ட் என்ற அதிகாரி வந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"படுத்திருக்கறவருக்கு வலிக்கவே இல்லைன்னா என்னங்க செய்யறது?" என்று கேட்டேன்.

"அப்ப அழுத்தம் போதலைன்னு அர்த்தம்."

"நல்லா அழுத்தி, அவருக்கு வலிச்சும் சொல்லலைன்னா?"

"அப்ப நீங்க காது கொடுத்துக் கேக்கலைன்னு அர்த்தம்."

"சொல்லாததை எப்படிங்க கேக்கறது?"

"அதுக்குத்தானே பயிற்சியே" என்றார் கனிவாக.

இந்தச் சமயத்தில் மார்லிஸ் அவருக்குக் காப்பி ஊற்றப் போய், கெட்டில் மூடி நழுவி, கொதிக்கக் கொதிக்க அத்தனையும் அவர் மடியில் கொட்டியது. வெண்டல் அசையவில்லை. "ஒண்ணுமில்லைங்க, பரவாயில்ல, நல்ல காப்பி" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. துணியால் துடைத்துக்கொண்டே, வலியை வாய்விட்டுச் சொல்வது ஏன் அடிப்படை உரிமை என்பதைப் பற்றி மீதி உரையை முடித்தார்.

அன்றிலிருந்து ஊரில் யாருடைய காலும் காலாக இல்லை. தேர்வுக்குப் பழக வேண்டுமே என்று நாங்கள் கிடைத்தவர்களை எல்லாம் மேசையில் படுக்க வைத்தோம். தபால்காரர், நூலகர், பேக்கரிக்காரரின் மனைவி எல்லோரும் ஊருக்கு உதவியாக இருக்கட்டும் என்று வந்து படுத்தார்கள். கட்டைவிரலால் அழுத்தினோம், முழங்கையால் அழுத்தினோம், ட்ரெவர் முழங்காலாலும் அழுத்தினான். 'சுகமா இருக்கு' என்றார்கள். 'நல்லா பழகியிருக்கீங்க' என்றார்கள். பேக்கரிக்காரரின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சாயங்காலம் எனக்கு நன்றி சொல்லி லெமன் கேக் கொடுத்தனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிப் பேர் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். பிரசங்கம் மனதைத் தொட்டுவிட்டது போலிருக்கிறது என்று பாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு டொமினிக் ஸ்கார்பெல்லியின் ஞாபகம் வந்தது.

டொமினிக் நியூ ஜெர்சிக்காரர். படகு மோட்டார் ரிப்பேர் செய்கிற கடை வைத்து ஒன்பது குளிர்காலம் ஆகியிருந்தது. விரலில் ஒரு திருகாணி குத்தினால் போதும், ஏரியின் அக்கரை வரை கேட்கும். சூப்பில் உப்பு இல்லை என்றால் உப்பு இல்லை என்று சமைத்தவரிடமே சொல்வார். எங்களுக்கு அவர் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. தெருவில் பார்த்தால் கை அசைப்போம். ஆனால் ஒன்பது குளிர்காலத்தில் யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. ஏரியின் பனிமேல் குடிசை போட்டு மீன் பிடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று சொன்னதும் இல்லை. அவர் அதையும் கடைவாசலில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நாங்கள் புன்னகை செய்தோம்.

கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கையில் பிடித்திருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நான் வந்து படுக்கணும். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க."

"இதுக்கு இந்த ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"இல்லைங்க."

"ஒம்போது வருஷமா இதுக்குத்தானே என்னை ஒதுக்கி வெச்சீங்க, இப்ப எப்படிம்மா?"

அன்று குளிர் கொஞ்சம் குறைவு என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கோட்டை எடுத்து மாட்டினார்.

டொமினிக் மேசையில் படுத்ததும் நான் போர்வையைத் திருத்துவதற்காகக் கையை நீட்டினேன். "ஐயோ, கொல்றா" என்று அலறினார். வகுப்பே எழுந்து நின்றது. அதுவரை எங்கள் கைகளுக்குக் கீழே ஒரு மனிதர் உண்மை பேசி நாங்கள் கேட்டதில்லை. அழுத்தினேன், வலிக்குது என்றார். குறைத்தேன்; இப்ப தேவலை என்றார். இன்னும் மேலே, அங்கே இல்லை, இங்கே, ஆமாம் அங்கேதான், மெதுவா என்றார். ஒரு தசை எங்கே இறுகுகிறது எங்கே விடுகிறது என்பது அன்றைக்குத்தான் என் விரலுக்குத் தெரிந்தது. இவ்வளவு நாளாக மரக்கட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். மார்லிஸ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சிரித்தார்.

ஊர் டொமினிக்கைக் கொண்டாடியது. அவரைத் தேர்வில் படுக்க வைப்பதற்குப் போட்டி. மேலே உருளைக்கிழங்கு பரப்பி வேகவைக்கிற எங்கள் ஊர் ஹாட்டிஷ் சட்டி சட்டியாக அவர் வீட்டுக்குப் போயிற்று. மீன்பிடிக் குடிசைகளில் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஹாட்டிஷில் உப்பு இல்லை என்று முதல் சட்டிக்குச் சொன்னாராம். அடுத்த வாரம் சட்டி வரவில்லை. அதற்கடுத்த வாரம் நன்றாக இருந்தது என்று சொன்னாராம். இரண்டு சட்டி வந்தது.

வாரியம் சும்மா இருக்குமா? விஷயம் காதுக்கு எட்டியதும் திருத்தம் ஒன்றை அனுப்பியது. ஒன்று, கை படுவதற்கு முன் எழும் அலறல் கணக்கில் சேராது. இரண்டு, படுத்திருப்பவர் உள்ளூர் மனப்பாங்கு உடையவராக இருக்க வேண்டும். திரு. ஸ்கார்பெல்லியின் வலி உண்மையானதே என்றாலும், அது இவ்வட்டாரத்தின் வலியைப் பிரதிநிதித்துவம் செய்யவில்லை.

ஆக, பனிச்சறுக்கு ஓட்டத்தன்று கூடாரத்தில் தேர்வு நடந்தபோது, ஓடி முடித்த உள்ளூர்க்காரர்களில் இருந்து குலுக்கலில் ஆள் எடுத்தார்கள். எனக்கு ஆர்விட் டோலெஃப்சன் வந்தார். எழுபதைத் தாண்டியவர், என் அப்பாவின் சிநேகிதர். ஒருமுறை அவர் காலில் மரம் விழுந்தபோது, மரத்தைத் தூக்க வந்தவர்களுக்கு வேலை கெட்டதே என்று வருத்தப்பட்டவர். குலுக்கலில் அவர் பெயரைப் பார்த்ததுமே பஸ் சாவியை எதற்குத் திருப்பிக் கொடுத்தோம் என்று தோன்றியது.

பக்கத்து மேசையில் ட்ரெவர். அவன் துப்பாக்கிக் கருவி ஆரஞ்சு நாடாவில் சிக்கி, நாடாவோடு சேர்த்துக் கால்முடியையும் பிய்த்துக்கொண்டு சுழன்றது. படுத்திருந்தவர் நன்றி சொன்னார். ட்ரெவருக்குத் தோல்வி.

நான் ஆர்விட்டின் பின்தொடையில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வந்தேன். இடது கெண்டைக்கால் சாதாரணமாக இருந்தது. வலதைத் தொட்டேன். வீங்கி, பளபளவென்று, கணகணவென்று சூடாக இருந்தது. உண்மையைச் சொன்னால், என் மனதில் முதலில் வந்தது சந்தோஷம்தான். இது கண்டிப்பாக வலிக்கும், மனிதர் வாயைத் திறந்துவிடுவார் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு கட்டைவிரலை வைக்கப் போனபோதுதான் மார்லிஸ் சொன்னது ஞாபகம் வந்தது.

"ஆர்விட், இந்தக் கால் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"அரிசோனால மக வீட்டுக்குப் போயிருந்தேனா, நிக்காம வண்டி ஓட்டிட்டு வந்தேன். அதுலேருந்து லேசா பிடிச்ச மாதிரி. ஓடினா சரியாயிடும்னு ஓடினேன். நீ செய்மா, எனக்கு ஒண்ணும் இல்ல."

கையை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற வெண்டல் மெல்ல இருமினார்.

"கையை எடுத்துட்டீங்களே. அவர் இன்னும் ஒண்ணும் சொல்லலையே?"

"இந்தக் காலைத் தொடக்கூடாதுங்க. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்."

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அது எழுத்துத் தேர்வுல வர்ற விஷயம். அது நவம்பர்லயே முடிஞ்சுபோச்சு. நீங்க பாஸ் பண்ணிட்டீங்க. இன்னிக்குச் செய்முறை."

"செய்முறையில அவர் செத்துப்போனா?"

"அப்படி எதுவும் நடந்தா தனியா பரிசீலிக்கறதுக்கு வாரியத்துல ஏற்பாடு இருக்கு" என்றார் வெண்டல். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "வேணும்னா அவரையே ஒரு வார்த்தை வலிக்குதுன்னு சொல்லச் சொல்லலாம். ஆனா நீங்க சொல்லச் சொல்லக்கூடாது. நானும் சொல்லச் சொல்லக்கூடாது" என்றார்.

இருவரும் ஆர்விட்டைப் பார்த்தோம். "என்னால உங்களுக்குள்ள சிரமம் வேண்டாம். ரெண்டு பேரும் சூப்பு குடிங்க, ஆறிடும்" என்றார் ஆர்விட்.

நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பனியில் அவ்வளவு தூரம் வரவழைத்ததற்காக ஆர்விட் வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கட்டி இருந்தது உண்மைதான். காலில் கை வைக்காமல் அனுப்பியது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் வழியிலேயே போயிருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். நான் தோற்றுப்போனேன். காரணம்: செவிமடுக்கும் திறன் நிரூபணமாகவில்லை.

ஊருக்கே கோபம். பேக்கரியில், தபால் நிலையத்தில், மீன்பிடிக் குடிசைகளில் எல்லாம் இதே பேச்சு. நம் ஆளைக் கொல்லப் பார்த்தார்களே என்று பேசினார்கள். ஏப்ரலில் வாரியம் லுத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தது. என் முறையீட்டையும் அங்கேயே விசாரிப்பதாகச் சொன்னார்கள். வெளுத்து வாங்குகிறோம் என்று ஊரே கிளம்பி வந்தது. காப்பியும் கேக்கும் கொண்டுவந்தார்கள்.

வெண்டல் முதலில் ஆர்விட்டைக் கூப்பிட்டார். தேர்வின்போது உங்களுக்கு வலி இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் லைசென்ஸ் என் கையில். ஆர்விட் எழுந்து, தொப்பியைக் கழற்றி, என்னைப் பாசமாகப் பார்த்தார்.

"வெர்னா என் உயிரைக் காப்பாத்தின பொண்ணு. அவ கை பட்டு வலிச்சுதுன்னு நான் எப்படிங்க சொல்லுவேன்? துளிக்கூட வலி இல்ல. பஞ்சு மாதிரி கை."

ஊரே நெகிழ்ந்துபோய்க் கை தட்டியது. வெண்டல் குறித்துக்கொண்டார். வலி இல்லாத நிலையில் தேர்வர் கையை எடுத்ததற்கு முகாந்திரம் இல்லை என்று ஆகிவிட்டது. ஆர்விட் எனக்குப் பெரிய உதவி செய்துவிட்ட திருப்தியோடு உட்கார்ந்தார். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெரிய மனது உங்களுக்கு என்று சொன்னேன்.

அடுத்து, இந்த நடைமுறையால் யாருக்காவது பாதிப்பு உண்டா என்று வெண்டல் கூட்டத்தைக் கேட்டார். நூலகர் கொஞ்சம் நொண்டிக்கொண்டே எழுந்து, குறையென்று ஒன்றும் இல்லை என்றார். தபால்காரர், முதலில் பழக்கமில்லாததால் ஒரு மாதிரி இருந்தது, இப்போது பரவாயில்லை என்றார். பேக்கரிக்காரரின் மனைவி, தலைநகரிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொன்னார். என் முறை வந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியிருந்தேன். எழுந்து நின்றேன். வெண்டல் என் முகத்தையே பார்த்தார். பாவம், அவரும் அத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். "கொஞ்சம் சிரமந்தான்" என்றேன். "ஆனா ஒண்ணும் பெரிசா சொல்றதுக்கில்ல" என்று உட்கார்ந்துவிட்டேன்.

மீதி இருந்தது டொமினிக் மட்டும். காப்பி ஊற்றுகிற கமிட்டியில் அவரை அந்த வாரம்தான் சேர்த்திருந்தார்கள். ஏப்ரன் கட்டிக்கொண்டு கெட்டிலோடு நின்றிருந்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். நாங்கள் முழுங்கினதை எல்லாம் இந்த மனிதர் கத்தித் தீர்த்துவிடுவார், நாங்கள் சங்கடப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தோம்.

டொமினிக் வாயைத் திறந்தார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஹாட்டிஷ் கொடுத்தவர்களை, ஸ்டூல் போட்டவர்களை, காப்பி கமிட்டியை. அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"பரவாயில்லைங்க" என்றார். "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்."

பாஸ்டர் எழுந்து போய் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வாரியத்தின் முடிவு மே மாதம் வந்தது. முன்னோட்டத்தால் எவருக்கும் எவ்வித வலியும் ஏற்படவில்லை என்பது பொதுமக்களின் வாய்மொழியாலேயே உறுதியானதால், நடைமுறை மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்படுகிறது. பல் மருத்துவத் துறையும் ஆர்வம் தெரிவித்துள்ளது. திரு. ஸ்கார்பெல்லி கூட்டத்தில் தெரிவித்த கருத்தின் அடிப்படையில் அவர் உள்ளூர் மனப்பாங்கு உடையவர் என ஏற்கப்படுகிறது. இனி அவர் தேர்வு மேசையில் படுக்க முழுத் தகுதி உடையவர். எனக்கு மறுதேர்வுக்கு ஒரு வாய்ப்பு கனிவுடன் வழங்கப்பட்டது.

சறுக்குக் கழகம் அதுவரை பொறுத்திருந்தது. ஆனால் ட்ரெவர் அறையை அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு லைசென்ஸ் தேவையில்லையாம். தொடுவது அவன் இல்லை, கருவி. கருவிகளுக்கென்று வாரியத்தில் நடைமுறை இல்லை.

மறுதேர்வு அந்த அறையிலேயே நடந்தது. குலுக்கலில் டொமினிக் வந்தார். எனக்கு உயிர் வந்தது. மேசையின் முகத்துளையில் முகத்தைப் பதித்துப் படுத்தார். அவருடைய பின்தொடையில் எந்த இடம் தாங்காது என்று எனக்குத் தெரியும். அவரே சொல்லிக்கொடுத்த இடம். அங்கே அழுத்தினேன். சத்தம் இல்லை. முழு பலத்தோடு அழுத்தினேன். என் கட்டைவிரலில் ஏதோ மளுக்கென்றது. முகத்துளை வழியாகத் தரையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது.

கேட்கக்கூடாது என்றாலும் குனிந்து அவர் காதருகே போனேன். "டொமினிக், வாயைத் திறந்து சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். "எதுக்கு வீணா எல்லாருக்கும் சங்கடம்?"

நேரம் முடிந்தது. வாசலில் ட்ரெவரின் ஐஸ் தொட்டியை நாலு பேர் இறக்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. டொமினிக் எழுந்து, என்னைப் பார்க்காமல், காலை இழுத்துக்கொண்டே வெளியே போய் அவர்களுக்கு ஒரு கை கொடுத்தார்.

வெண்டல் பேனாவை மூடினார். தேர்வு நடந்த விதம் பற்றி எனக்கு ஏதாவது குறை இருக்கிறதா என்று விதிப்படி கேட்டார். கட்டைவிரல் வீங்கிக்கொண்டு வந்தது. பஸ் போயிருந்தது, அறையும் போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் இல்லை என்றேன்.

அவருக்கு ரொம்ப சந்தோஷம். என் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார். வீங்கின கட்டைவிரல் அவர் பிடிக்குள் இருந்தது. என் முகத்தில் எதையோ பார்த்திருப்பார் போல, குலுக்குவதை நிறுத்தாமலே, "ரொம்ப இறுக்கிப் பிடிச்சிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். "பரவாயில்ல."